பாம்புக்குக் காது கேட்குமா, பால் மரத்துக்கு வலிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தோட்டம் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்ப் பக்கம். இப்போது பால் மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் பாதி, எண்ணெய் எடுக்கும் செம்பனை பாதி. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோய்விட்டார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்பார்கள். அதே சந்தேகம் அடுத்த வாரம் இன்னொருவரிடமிருந்து வரும். அதனால்தான் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

டீச்சர், புலன்னும் சொல்றீங்க, உணர்வுன்னும் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பேரங்காடி வாசலில் போய் நின்றால் கதவு தானாகத் திறக்கிறது. ஆள் வந்ததை அது பிடித்துவிட்டது. புலன் செய்யும் வேலையும் அதுதான்: வெளிச்சம், சத்தம், வாசனை, சூடு, அதிர்வு என்று ஒன்றைப் பிடித்து, அதற்கேற்ப ஏதாவது செய்வது. ஆனால் 'வந்திருப்பது நம்ம முனியம்மா அக்கா' என்று கதவுக்குள் இருந்து யாரும் நினைப்பதில்லை.

உணர்வு என்று நான் சொல்வது, பிடித்த செய்தி உள்ளே ஒருவருக்குப் படுவதை. பல் வலிக்கும்போது நரம்பில் ஓடும் மின்துடிப்பை அளந்துவிடலாம். அந்த வலி எப்படி இருக்கிறது என்பது வலிப்பவருக்குத்தான் தெரியும். புலனை எந்த உயிரிலும் சோதித்துப் பார்க்கலாம். உணர்வை நடத்தையையும் மூளையையும் வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஆஸ்பத்திரியில் 'சுயநினைவு' என்கிறார்களே, அது உணர்வைப் பற்றிய பேச்சு.

ஐம்புலன்னுதானே படிச்சோம். அஞ்சுக்கு மேல இருக்கா?

இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிகிறது. தசையும் மூட்டும் மூளைக்கு அனுப்பும் செய்தி அது. உள்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் நீர் அசைவதை வைத்துத் தலை திரும்புவதை அறிகிறோம். பசி, தாகம், மூச்சுமுட்டல் எல்லாம் உடம்பு தன்னைத்தானே அறியும் வழிகள்.

என் அம்மா விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார். உள்பட்டையில் ஒரு மில்லிமீட்டர் போல விட்டு வெட்ட வேண்டும். அதற்கு மேல் கத்தி இறங்கினால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த ஆழத்தை விளக்கு வெளிச்சத்தில் கண் அளக்க முடியாது. அம்மாவின் மணிக்கட்டுதான் அளந்தது. ஐந்தில் அதை எதில் சேர்ப்பீர்கள்?

சிலி பாடி கடிச்சா நமக்கு உயிர் போகுது. குருவி மட்டும் எப்படிக் கொத்திக் கொத்தித் தின்னுது?

மிளகாயில் கேப்சைசின் என்ற பொருள் இருக்கிறது. நம் நாக்கில் சூட்டை அறியும் ஒரு புரதம் உண்டு. சுமார் 43 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது திறந்துகொண்டு 'சுடுது' என்று மூளைக்குச் சொல்லும். கேப்சைசின் போய் ஒட்டிக்கொண்டால் சூடு இல்லாமலே அது திறந்துவிடும். ஆகவே காரம் ஒரு ருசி கிடையாது, அது சூடும் வலியும்தான். இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பறவைக்கும் அதே புரதம் உண்டு, அமைப்பு மட்டும் சற்று வேறு. கேப்சைசினால் அதைத் திறக்க முடியாது. செடிக்கும் இது நல்லதுதான். எலி தின்றால் விதையை அரைத்துவிடும். குருவி முழுசாக விழுங்கி வேறு வேலியோரம் போட்டுவிட்டுப் போகும்.

மகுடி ஊதினா பாம்பு ஆடுதே, அப்ப அதுக்குக் காது கேட்குதா?

பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் கிடையாது, உள்காது உண்டு. அது தாடை எலும்போடு இணைந்திருப்பதால் தரையின் அதிர்வு நேராக அங்கே போய்ச் சேர்கிறது. காற்றில் வரும் சத்தத்திலும் சில நூறு ஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ்ந்த சத்தத்தைப் பிடிக்கிறது. ஆனால் மகுடிக்கு முன்னால் அது தலையாட்டுவது இசைக்காக இல்லை. தன் முன்னே ஆடும் குழலையும் கையையும் கண்ணால் தொடர்ந்தபடி, கொத்தத் தயாராக நிற்கிறது. குழலை அசைக்காமல் ஊதினால் அந்த ஆட்டம் வராது.

ராத்திரி இருட்டுல பாம்பு எலியை எப்படிக் கண்டுபிடிக்குது?

பாம்புக்குப் பாம்பு வேறுபடும். நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது எல்லாப் பாம்புக்கும் பொது. பிளவுபட்ட நாக்கு காற்றிலுள்ள வாசனைத் துகளை எடுத்துவந்து மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பில் சேர்க்கிறது. எந்த முனையில் வாசனை அதிகமோ அந்தப் பக்கம் இரை.

குழிவிரியனுக்கு இன்னொன்றும் உண்டு. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவில் ஒரு குழி, அதற்குள் மெல்லிய சவ்வு. ஒரு பாகையின் ஆயிரத்தில் சில பங்கு வெப்பம் மாறினாலும் அந்தச் சவ்வுக்குத் தெரிந்துவிடும். எலியின் உடல்சூடு அதற்கு இருட்டில் எரியும் விளக்கு மாதிரி. பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் சுருண்டு கிடப்பவையும் ஒருவகைக் குழிவிரியன்கள்தான்.

நம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் உள்ள குழிவிரியனை மலாய்க்காரர்கள் 'ஊலார் காப்பாக் போடோ' என்பார்கள். போடோ என்றால் முட்டாள். ஆள் கிட்டே வந்தாலும் நகராமல் கிடப்பதால் வந்த பெயர். நாம் வருவது அதற்குத் தெரியும். காய்ந்த இலை நிறத்திலேயே இருப்பதால் அசையாமல் கிடப்பதுதான் அதன் பாதுகாப்பு. தரையைத் தட்டிக்கொண்டு நடந்தால் மற்ற பாம்புகள் விலகலாம், இதை நம்ப முடியாது. பூட்சும் டார்ச்சும் இல்லாமல் இலைச்சருகில் கால் வைக்காதீர்கள்.

செம்பனைக் காட்டுல ஆந்தைக்குப் பெட்டி கட்டி வெச்சிருக்காங்க. அதுக்கு ராத்திரியில அவ்வளவு நல்லா கண்ணு தெரியுமா?

கண்ணும் நன்றாகத் தெரியும், காது அதைவிடக் கூர்மை. பெட்டியில் குடியிருப்பது வெண்கூகை. எலியைக் கட்டுப்படுத்த 1980களிலிருந்து நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். அதன் இடது காதுத்துளையும் வலது காதுத்துளையும் ஒரே உயரத்தில் இருக்காது. கீழே எலி நகரும் சத்தம் இரண்டு காதிலும் ஒரே பலத்தோடு விழாது. அந்தச் சின்ன வித்தியாசத்தில் எலி எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடும். தட்டு மாதிரி இருக்கும் முகம் சத்தத்தைக் குவித்துக் காதுக்கு அனுப்புகிறது.

ராஜர் பேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு துளி வெளிச்சம் இல்லாத அறையில் இதைச் சோதித்தார். சருகுமேல் ஓடும் எலியைக் கூகை தவறாமல் பிடித்தது. பிறகு எலிக்குப் பதில் ஒரு காகித உருண்டையை நூலில் கட்டிச் சருகுமேல் இழுத்தார். அதன்மேலும் பாய்ந்தது. காகிதத்துக்கு எலி வாசனையும் இல்லை, சூடும் இல்லை. சத்தம் ஒன்றே வழிகாட்டியது என்று உறுதியானது.

அபசகுனம் என்று சிலர் இன்னும் கல் எறிகிறார்கள். எலி வேட்டையாடி நம் வேலையைச் செய்துகொண்டிருக்கும் பறவை அது. தயவுசெய்து எறியாதீர்கள்.

செம்பனை ஆண்பூ மலர்ந்தா சோம்பு வாசனை வருது, உடனே சின்னச் சின்ன வண்டு மொய்க்குது. எங்கேர்ந்து வருதுங்க?

அந்த வண்டுகளின் மூதாதையர் மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து வந்தவர்கள். 1981இல் நம் நாட்டில் விட்டார்கள். அதற்கு முன் மகரந்தப் பொடியைப் பெண்பூவில் தூவுவது தோட்டத்து ஆட்களின் வேலையாக இருந்தது. வண்டு வந்த பிறகு அந்த வேலையே ஒழிந்தது.

நீங்கள் முகரும் சோம்பு வாசனைதான் வண்டுக்கு அழைப்பு. ஆண்பூவில் அதற்குச் சாப்பாடும் முட்டையிட இடமும் கிடைக்கும். பெண்பூ அதே வாசனையைக் கொஞ்சமாக விடுகிறது, ஆனால் அங்கே வண்டுக்கு ஒன்றும் இல்லை. ஏமாந்து போகிற போக்கில் மகரந்தத்தை ஒட்டிவிட்டுப் போய்விடும். இவ்வளவு பெரிய தொழில் ஒரு சின்ன வண்டின் மோப்பத்தில் ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

நாய் ஊளையிட்டா எமன் வர்றதைப் பாக்குதுன்னு எங்க பாட்டி சொல்றாங்க. நமக்குத் தெரியாதது அதுக்குத் தெரியுமா?

நமக்குத் தெரியாதது நிறையத் தெரியும், அதில் பாட்டி சொல்வது சரி. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு சத்தம் நின்றுவிடும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். மோப்பத்தில் நாம் அதன் பக்கத்திலேயே நிற்க முடியாது. ஆனால் சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரிக்க முடியாது. அதன் உலகம் மஞ்சளும் நீலமும் சாம்பலும் கலந்தது. தூரத்தில் இன்னொரு நாய் ஊளையிட்டாலோ, ஆம்புலன்ஸ் சைரன் கேட்டாலோ இதுவும் சேர்ந்துகொள்ளும். நமக்குக் காரணம் காதில் விழாததால் எமன் ஞாபகம் வந்துவிடுகிறது.

சுனாமி அன்னைக்கு மிருகமெல்லாம் முன்னாலயே ஓடிடுச்சுன்னு சொல்றாங்களே?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் நிலம் ஆடி, சில மணி நேரம் கழித்துத்தான் அலை நம் கெடாவின் கோலமூடாக் கரைக்கு வந்தது. நில அதிர்வும் யானைகள் பேசிக்கொள்ளும் தாழ்ந்த ஒலியும் நமக்குத் தெரியாமல் சில மிருகங்களுக்குத் தெரியலாம். அது வரைக்கும் சரி. ஆனால் 'இது சுனாமி, மேட்டுக்கு ஓடு' என்று அவற்றுக்குத் தெரிந்தது என்பதற்கு நல்ல சாட்சியம் இல்லை. இலங்கையின் யாலா காட்டில் கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்ட யானைகள் அன்று விசேஷமாக எங்கும் ஓடவில்லை. ஓடிய கதை பரவும், ஓடாத கதை பரவாது.

தொல்காப்பியத்துலயே ஓரறிவிலிருந்து ஆறறிவு வரைக்கும் சொல்லியாச்சே. இன்னும் என்ன ஆராய்ச்சி?

சொன்னதை முழுசாகப் படியுங்கள், ஆராய்ச்சி தேவை என்று உங்களுக்கே படும். புல்லுக்கும் மரத்துக்கும் தொடுகை என்ற ஓரறிவு; கறையானுக்கும் எறும்புக்கும் தொடுகை, சுவை, மோப்பம் என்று மூவறிவு; நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணும் சேர்த்து நான்கு. எறும்பை உட்கார்ந்து பார்த்தவர்தான் மோப்பத்தை அதற்குக் கொடுத்திருக்க முடியும். எறும்புக்குக் கண்ணும் உண்டு என்று இன்று தெரியும். வாசனைத் தடம்தான் அதன் பெரிய ரோடு என்பது அப்படியே நிற்கிறது.

எனக்குப் பிடித்தது ஆறாவது. 'ஆறறிவதுவே அவற்றொடு மனனே' என்று, ஐந்து புலனுக்குப் பிறகு மனத்தைத் தனியாக எண்ணியிருக்கிறார்கள். முதல் கேள்வியில் நான் பிரித்த பிரிவுக்கு இது பக்கத்தில் வருகிறது. மக்கள் ஆறறிவுயிர் என்று சொன்ன கையோடு 'ஒருசார் விலங்கும் உள' என்று ஒரு வரியும் வருகிறது. சில விலங்குகளுக்கும் மனம் உண்டு என்று அன்றே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 'ஆறறிவு மனுஷனுக்கு மட்டும்' என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்ப பால் வெட்டுறப்ப மரத்துக்கு வலிக்குமா? தொட்டாற்சிணுங்கி சுருங்குதே?

வெட்டுப் பட்டது மரத்துக்குப் 'பதிவாகிறது'. காயம் பட்ட இடத்திலிருந்து வேதிப்பொருள்கள் புறப்பட்டு மற்ற பாகங்களின் வேலையை மாற்றுகின்றன. பாலே பூச்சியைத் தடுத்துக் காயத்தை மூடும் பாதுகாப்புத்தான். தொட்டாற்சிணுங்கியில் தொட்டவுடன் மின்துடிப்பு ஓடி, இலைக்காம்பின் அடியில் உள்ள திசுவிலிருந்து நீர் வெளியேறுகிறது, இலை தொங்குகிறது. மோனிகா காலியானோ 2014இல் வெளியிட்ட ஆய்வில், செடியைத் தொட்டியோடு சிறு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். ஆபத்தில்லை என்றானதும் செடி சுருங்குவதை நிறுத்தியது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தும் அது மாறவில்லை.

இவ்வளவும் புலன் கணக்கில் வரும். வலி என்று சொல்ல, வலிப்பதற்கு உள்ளே ஒருவர் வேண்டும். மரத்துக்கு நரம்பும் இல்லை, செய்தியெல்லாம் ஒன்றுகூடும் மூளையும் இல்லை. வலிக்காது என்பதுதான் என் முடிவு. முப்பது வருஷம் பால் வெட்டிய அத்தை ஒருவர் இதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டார். அந்தக் கவலை அவர் மனசில் அத்தனை நாள் இருந்திருக்கிறது.

நண்டை உயிரோட கொதிக்கிற தண்ணியில போடுறோமே, அதுக்குமா வலிக்காது?

இங்கே என் பதில் வேறு. ராபர்ட் எல்வுட் என்பவரின் குழு, சங்குக்குள் வாழும் துறவி நண்டுகளுக்கு லேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தது. பிடிக்காத வகைச் சங்கில் இருந்த நண்டுகள் சீக்கிரம் வெளியே வந்தன. நல்ல சங்கு கிடைத்தவை அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருந்தன. வெறும் அனிச்சைச் செயலாக இருந்தால் சங்கின் தரம் குறுக்கே வராது. 'வலியா, வீடா' என்று எடை போட்டிருக்கின்றன. 2022இல் பிரிட்டன் தன் விலங்கு நலச் சட்டத்தில் நண்டு, இறால், கணவாய் வகைகளை உணர்வுள்ள உயிர்களாகச் சேர்த்தது.

நான் நண்டுக் கறி வைக்கிறவள்தான். இப்போதெல்லாம் ஐஸ் தண்ணீரில் போட்டு, முழுக்க அசைவு நின்ற பிறகு வெட்டித்தான் சட்டியில் போடுகிறேன்.

கண்ணாடியில தன்னையே பாத்துக் குரைக்குற நாய்க்கு 'நான்'னு ஒண்ணு இருக்குமா?

1970இல் கோர்டன் கேலப் சிம்பன்சிகளின் நெற்றியில் சாயம் பூசிக் கண்ணாடி காட்டினார். கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் நெற்றியைத் தொட்டன. 2006இல் ஆசிய யானை ஒன்றும், 2019இல் ஒரு சின்ன மீன் வகையும் இந்தத் தேர்வில் தேறின. நாய் தேறவில்லை. ஆனால் கண்ணை வைத்து மூக்குக்காரனுக்குத் தேர்வு வைக்கலாமா? அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் நாய்களுக்கு அவற்றின் சொந்த மூத்திர வாசனையையும், அதையே சற்று மாற்றியும் கொடுத்தார். மாற்றிய வாசனையைத்தான் அதிக நேரம் முகர்ந்தன. தன் வாசனை தனக்குத் தெரிகிறது. 'நான்' என்று அது நினைக்கிறதா என்பது இதனால் முடிந்துவிடாது, ஆனால் கண்ணாடியை மட்டும் வைத்து 'இல்லை' என்று சொல்ல முடியாது.

சரி டீச்சர், மூளையில கரண்ட் ஓடுது, ஒத்துக்குறேன். அதுல 'நான் பாக்குறேன்'ங்கிறது எங்கேர்ந்து வருது?

ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வு முடித்த ஒரு பையன் கேட்டான். இதற்கு உலகத்தில் யாரிடமும் முடிந்த பதில் இல்லை. தாமஸ் நேகல் என்ற தத்துவ அறிஞர் 1974இல் வௌவாலை வைத்து இதைக் கேட்டார்: வௌவால் எழுப்பும் ஒலி, திரும்பும் எதிரொலி, மூளையின் கணக்கு எல்லாம் தெரிந்துகொண்டாலும் வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியுமா? டேவிட் சால்மர்ஸ் என்ற இன்னொரு தத்துவ அறிஞர் 1995இல் இதற்குக் 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்தார்.

ஆனால் சில துப்புகள் உண்டு. மூளையின் பார்வைப் பகுதி சேதமான ஒருவரை 1970களில் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் ஆராய்ந்தார். பார்வையின் ஒரு பக்கம் ஒன்றுமே தெரியவில்லை என்று அந்த நோயாளி சொன்னார். 'சும்மா ஊகித்துக் காட்டுங்கள்' என்றபோது வெளிச்சம் இருந்த இடத்தைப் பெரும்பாலும் சரியாகக் காட்டினார். பார்வை வேலை செய்கிறது, பார்க்கும் உணர்வு இல்லை. இன்னொரு துப்பு: மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் பெரும்பகுதி பின்னால் உள்ள சிறுமூளையில் இருக்கிறது. அது பழுதானால் நடை தள்ளாடும், சுயநினைவு போகாது. ஆகவே அணுக்களின் எண்ணிக்கையைவிட அவை ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பது முக்கியம் போலிருக்கிறது.

டீச்சரம்மா, சர்க்கரையில காலை எடுத்து ஒரு வருஷம் ஆச்சு. இல்லாத பாதம் அரிக்குது. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?

இல்லை ஐயா. காலை எடுத்தவர்களில் மிகப் பலருக்கு இது வருகிறது. இரண்டாவது கேள்வியில் சொன்னேனே, கை எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும் என்று. அந்தக் கணக்கில் உங்கள் கால் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு எளிய வழி கண்டார். நடுவில் கண்ணாடி வைத்து, இருக்கும் கை கால் அதில் தெரியும்படி செய்தால், இல்லாத பக்கம் திரும்ப வந்த மாதிரி கண்ணுக்குப் படும். இருப்பதை அசைத்தால் இல்லாததும் அசைவது போலத் தோன்றி, சிலருக்கு வலி தணிகிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரி போகும்போது உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவரிடம் கண்ணாடி சிகிச்சை பற்றிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

அம்மா பக்கவாதம் வந்து நினைவில்லாம கெடக்குறாங்க. நாங்க பேசுறது அவங்களுக்குக் கேட்குமாக்கா?

ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அம்மாவுக்குக் கேட்கிறதா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அசையாமல் கிடப்பதை வைத்து 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். 2006இல் ஏட்ரியன் ஓவன் குழு, எந்த அசைவும் காட்டாத 23 வயதுப் பெண் ஒருவரை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, டென்னிஸ் விளையாடுவதாக நினைக்கச் சொன்னது. பிறகு சொந்த வீட்டுக்குள் நடப்பதாக நினைக்கச் சொன்னது. நல்ல நினைவோடு இருப்பவருக்கு எந்தெந்த இடம் வேலை செய்யுமோ அதே இடங்கள் அவர் மூளையிலும் வேலை செய்தன. 2024இல் வெளியான பெரிய ஆய்வில், சொன்னதைச் செய்து காட்ட முடியாத 241 பேரில் 60 பேரிடம் இப்படிப்பட்ட பதில் தெரிந்தது.

அதனால் பேசுங்கள். பக்கத்தில் போய், யார் பேசுகிறீர்கள் என்று பெயர் சொல்லி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். அவர் தலைமாட்டில் நின்று நில விவகாரமும் சாவு பேச்சும் வேண்டாம். ஒன்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நேரம் காத்திருங்கள். கண் உங்கள் பக்கம் திரும்பினாலோ, சொன்னபோது விரல் அசைந்தாலோ, எத்தனை மணிக்கு, என்ன சொன்னபோது என்று குறித்து வைத்துத் தாதியிடம் காட்டுங்கள். நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். டாக்டர் வந்து நிற்கும் ஐந்து நிமிஷத்தில் தெரியாதது உங்களுக்குத் தெரியலாம்.